துயரத்தில் எட்டு மார்க் குறைவு

முப்பத்தோரு வருடம் கோவார் ஹாலில் சனிக்கிழமை தவறாமல் வாசித்த ஒரு பேண்ட், போதுமான அளவு துன்பப்படவில்லை என்று அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இப்படியும் ஒரு கடிதம் வருமா என்று கேட்காதீர்கள். டெக்சஸில் வரும். தலைப்பில் முத்திரையோடு, மூன்று பிரதிகளில் வந்தது.

அப்போது வெர்லன் கெட்சம் ஒரு மாட்டுப் பண்ணையில் கிணற்றுப் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஐந்து நாள் அவருக்குப் பம்பு. சனிக்கிழமை ஸ்டீல் கிட்டார். மேசைபோல முன்னால் கிடத்தி, கம்பிகள்மேல் உருக்குத் துண்டை நழுவவிட்டு, காலால் மிதிகளை அமுக்கி வாசிக்கிற வாத்தியம் அது. அது இல்லாவிட்டால், அந்தப் பக்கத்து மதுக்கடைகளில் பிறந்த ஹாங்கி டாங்க் பாட்டு பாட்டே இல்லை என்பார்கள். கேட்டால் யாரோ சன்னமாக அழுவது மாதிரி இருக்கும். ஆனால் அதைக் கேட்டு யாரும் அழுததில்லை. எழுந்து ஆடுவார்கள். ஆறு மணிக்கே மரத்தரையில் சோளமாவைத் தூவி, பூட்ஸ் வழுக்குகிறதா என்று தேய்த்துப் பார்த்துக்கொண்டு தயாராக நிற்பார்கள். ‘என்னை விட்டுட்டுப் போயிட்டாளே’ என்று பாட்டு கதறும். கட்டிய பெண்டாட்டியை அணைத்தபடி ஜோடி ஜோடியாக ஹாலைச் சுற்றி வருவார்கள். அந்த ஊரில் அப்படித்தான்.

பாடுகிறவர் ஹோய்ட் பாஸ்கம். வெர்லனின் மனைவி ரோவீனாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். டிரம் அடிக்கிறவர் டூலி. பாஸ் கிட்டார் எமில் கோவார். செக் நாட்டிலிருந்து வந்து ஹாலைக் கட்டிய குடும்பத்தின் வாரிசு, ஒன்பது பேரக் குழந்தைகள், பீரைக்கூட மோந்துதான் பார்ப்பார். இந்த நான்கு பேரும் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரு ரெக்கார்டு போட்டார்கள்; உறவுக்காரர்கள் வாங்கினார்கள். ஒருமுறை பாட்டுக்காரர்களின் தலைநகரான நாஷ்வில் போய் வந்தார்கள். வண்டி பழுதாகி வழியிலேயே இரண்டு நாள் போயிற்று. அவ்வளவுதான் அவர்களுடைய புகழ் வரலாறு.

இந்த நேரத்தில்தான் ஹாங்கி டாங்க் மரபுத் தூய்மை வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பழைய ஹால்களுக்கு வரிச்சலுகை உண்டு. பதிலுக்கு, வாரியத்தின் சர்டிபிகேட் வாங்கிய அசல் பேண்டுகள் மட்டுமே அங்கே வாசிக்கலாம். அசல் என்றால் என்ன? பாட்டில் இருக்கிற துன்பமெல்லாம் பாடுகிறவனுக்கும் நடந்திருக்க வேண்டும். நூற்றுக்கு அறுபது மார்க் எடுத்தால் அசல். இவர்கள் எடுத்தது இருபத்திரண்டு.

“இருபத்திரண்டா?” என்றார் ஹோய்ட். “ரெண்டு தடவ விவாகரத்து ஆனவன்டா நான்!”

“ரெண்டாவது தடவையும் மொதல் பெண்டாட்டியவே கட்டிக்கிட்டியே, அதுக்குப் பாதி கழிச்சுட்டான்” என்றார் டூலி, கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து. “நான் ஜெயிலுக்குப் போனதையும் சேக்கல. திருடின மாடு என் மாடுதானாம்.”

எமிலுக்கு மைனஸ் நாலு. பேரக் குழந்தைகளின் எண்ணிக்கையைக் காரணமாகக் காட்டியிருந்தார்கள். வெர்லனுக்குப் பூஜ்யம். ‘முப்பத்தி நான்கு வருடமாக ஒரே மனைவி. குடிப்பதில்லை. அம்மா உயிருடன் இருக்கிறார்’ என்று போட்டிருந்தது. படிக்கப் படிக்க அவருக்கே வெட்கமாகிவிட்டது.

நால்வரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தலைநகர் ஆஸ்டினில் வாரியத்தின் இயக்குநரைப் பார்க்கப் போனார்கள். முனைவர் கார்ல்டன் ப்ரூவிட். சிரித்த முகம், மெல்லிய குரல். ஹாங்கி டாங்க் துயரத்தைப் பற்றி எழுநூறு பக்கம் எழுதியவர். சுவரில் காலி விஸ்கி பாட்டில்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருந்தார்.

“சார், நாங்க ஆடுறதுக்கு வாசிக்கிறவங்க” என்றார் வெர்லன். “ஜனங்க சந்தோஷமா ஆடிட்டுப் போறாங்க. எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கிறதில்ல சார்.”

“அங்கதான் தப்பு நடக்குது, மிஸ்டர் கெட்சம். ஆடுறது பின்னாடி வந்த ஒரு சீரழிவு. இது உக்காந்து அழ வேண்டிய இசை. முப்பது வருஷமா இதத்தான் படிச்சிட்டிருக்கேன்.”

“சார் எந்த ஹாலுக்கு வழக்கமாப் போவீங்க?” என்று எமில் மரியாதையாகக் கேட்டார்.

“நான் போனதில்ல. சத்தம் ஒத்துக்காது. அதோட நேர்ல பாத்தா ஒரு பாசம் வந்துடும், ஆராய்ச்சி கெட்டுடும். நான் மக்களை நேசிக்கிறவன், மிஸ்டர் கோவார். அதனாலதான் தூரமா இருக்கேன். உங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் தர்றேன். நல்லா கஷ்டப்படுங்க. உங்களால முடியும்.”

எல்லோருடைய கையையும் குலுக்கினார். ஆளுக்கு ஒரு கையேடும் கொடுத்தார்.

அடுத்த வாரமே ஹாலில் சீர்திருத்தம் தொடங்கியது. சோளமாவு தூவத் தடை. மேடைக்கு முன்னால் கோழிக்கூண்டுக் கம்பிவலை கட்ட வேண்டும். பழைய காலத்தில் குடிகாரர்கள் பாட்டில் வீசியதைத் தடுக்க வலை இருந்ததாம். கோவார் ஹாலில் யாரும் எந்தக் காலத்திலும் பாட்டில் வீசியதில்லை என்று எமில் எழுதிப்போட்டார். அந்தக் குறையைச் சரிசெய்ய, சனிக்கிழமைக்கு இரண்டு பாட்டில் வீதம் வீசுவதற்கு ஒரு ஆளை வாரியமே அனுப்பிவைத்தது. ஓய்வுபெற்ற தபால்காரர், பாவம். ஒவ்வொரு தடவையும் வீசுவதற்கு முன்னால் “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வீசுவார்.

டூலிதான் முதலில் களத்தில் இறங்கினார். மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீப்பின் கார் கண்ணாடியைச் செங்கல்லால் உடைத்தார். ஷெரீப் அவருக்குச் சித்தப்பா மகன். “வயசான காலத்துல என்னடா இது” என்று திட்டி, காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். மனம் தளராமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போய், முன்பின் தெரியாத ஷெரீப்பின் காரை உடைத்தார். எட்டு மாதம் கிடைத்தது. பன்னிரண்டு மார்க். உள்ளே போனபோது இருந்த பற்களில் நாலு, வெளியே வரும்போது இல்லை. பற்களுக்குத் தனி மார்க் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். பல் ஹாங்கி டாங்க் பாடல்களில் போதுமான அளவு இடம்பெறவில்லை என்று பதில் வந்தது.

எமிலைக் குடிக்கச் சொன்னார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, கையேட்டில் பயிற்சி அட்டவணையே இருந்தது. முதல் மாதம் பீர், நான்காம் மாதம் விஸ்கி, ஆறாம் மாதம் காலையில். எமில் கணக்குப் பிசகாத மனிதர், தேவாலயத்தில் இருபது வருடம் பொருளாளராக இருந்தவர். அட்டவணைப்படியே குடித்தார். குடித்ததும் வாந்தி எடுப்பார், வாயைக் கொப்பளிப்பார், அட்டவணையில் டிக் போடுவார். ஆறு மார்க் வந்தது. ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு வண்டியோடு ஓடைக்குள் போனார். பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு நடந்ததே என்று ஊரே கடவுளுக்கு நன்றி சொன்னது. எமிலின் மனைவி மட்டும் சொல்லவில்லை.

வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. ‘வாழ்த்துகள்! உங்கள் குழு மேலும் பன்னிரண்டு மதிப்பெண் பெற்றுள்ளது.’ இறந்தவர் குழுவில் தொடர்ந்து உறுப்பினராகவே கருதப்படுவார், மேடையில் அவருக்கு நாற்காலி போட்டுத் தொப்பியை வைக்க வேண்டும், பாஸ் வாசிக்க வருகிற புது ஆள் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கலாம் என்றும் எழுதியிருந்தது. மொத்தம் ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு மார்க் வேண்டும்.

அடக்கம் முடிந்து எமில் வீட்டுப் பின்கட்டில் எல்லோரும் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருக்கும்போது ஹோய்ட் வந்து வெர்லன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாப்ள, நீ ஒருத்தன்தான் பாக்கி.”

“நான் என்ன பண்றது?”

“ரோவீனாவ விவாகரத்து பண்ணிடு.”

“ஏய், அவ உன் தங்கச்சிடா!”

“அதனாலதான் உரிமையோட சொல்றேன். சும்மா காகிதத்துல. ஒரு வருஷம் கழிச்சுத் திரும்பக் கட்டிக்க. எமிலோட மார்க் வீணாப் போகலாமா? அவன் எதுக்காகப் போய்ச் சேந்தான், சொல்லு பாப்போம்?”

வெளியே எமிலின் பேரக் குழந்தைகள் கறுப்பு உடுப்போடு ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள். இது எல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. எமிலை நினைத்தால் சொல்ல வாய் வரவில்லை.

ரோவீனா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி, அதையும் பண்ணிப்புடுவோம். ஆனா நீ சமைச்சா ஒரு வாரத்துல செத்துப்போவ. அதுக்கும் மார்க் இருக்கான்னு கேட்டு வச்சுக்க.”

விவாகரத்து நடந்தது. நீதிபதி இருவரையும் பார்த்து “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல சார், மரபு” என்றார் வெர்லன். ரோவீனா எட்டு மைல் தள்ளித் தன் தங்கை வீட்டுக்குப் பெட்டியோடு போனாள்.

இரண்டு வாரத்தில் வாரியத்தின் ஆய்வாளர் டெல்ஃபின் அம்மையார் வந்தார். கையுறை போட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தனிமையைத் தேடினார். படுக்கையை முகர்ந்தார். குப்பைக் கூடையைக் கிளறினார். கடைசியில் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே மூடிபோட்ட பாத்திரத்தில் கோழிக்கறி. மேலே ஒட்டியிருந்த தாளில், ‘நல்லா சூடு பண்ணிச் சாப்பிடு. வேக வேகமா முழுங்காத.’

“இது யார் கையெழுத்து?”

“ரோவீனா, மேடம். வியாழக்கிழமை கொண்டாந்து வெச்சா.”

அம்மையார் உட்கார்ந்துவிட்டார். உண்மையிலேயே மனம் நொந்துபோனார். “மிஸ்டர் கெட்சம், எத்தனையோ வீடு பாத்திருக்கேன். இப்படி ஒரு மோசடி பாத்ததில்ல. பாசம் தொடர்றதால இந்த விவாகரத்துக்கு மார்க் கிடையாது. பூஜ்யம்.”

“வேற வழி இல்லையா மேடம்?”

“துரோகம்னா எட்டு.”

“அவ அப்படிப்பட்டவ இல்ல மேடம்.”

“யாருமே அப்படிப்பட்டவங்க இல்ல. வாக்குமூலம்தான் கேக்குறோம், உண்மையக் கேக்கல. நாற்பது மைலுக்குள்ள, உயிரோட இருக்கிற ஆண் ஒருத்தர் பேரு வேணும். தெருமுனையில ஒரு தீவனக்கடை பாத்தேனே?”

“அது ஆர்வில் ஸ்டாங்கோட கடை. பெண்டாட்டி போய் மூணு வருஷமாச்சு. பாவம், அவரு…”

“மனைவியை இழந்தவர். நல்லாப் பொருந்துது” என்று டெல்ஃபின் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தாளை நீட்டினார். ‘என் மனைவி ரோவீனா, தீவன வியாபாரி ஆர்வில் ஸ்டாங்குடன், இரண்டு வருடமாக, ஓட்ஸ் மூட்டைகளுக்கு நடுவில்’ என்று தொடங்கி ஒரு பக்கம் ஓடியது.

“இத யாராவது படிப்பாங்களா மேடம்?”

“கோப்புல கிடக்கும். எங்க கோப்ப நாங்களே படிக்கிறதில்ல.”

வெர்லன் தாளை முழுக்கப் படித்தார். ஓட்ஸ் என்ற இடத்தில் நின்று, மறுபடி படித்தார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை. படித்துவிட்டுத்தான் போட்டார்.

சர்டிபிகேட் வழங்கும் விழா கோவார் ஹாலிலேயே நடந்தது. ஊரே வந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் வாசிப்பவர்களின் மனைவிமார் உட்காரும் மேசை. அங்கே எமிலின் விதவையும் ரோவீனாவும். மேடையில் எமிலின் நாற்காலியில் தொப்பி. கம்பிவலைக்குப் பின்னால் வெர்லன், ஹோய்ட், பல் போன டூலி. பாட்டில் வீசுகிற தபால்காரர் கோட்டு போட்டு வந்திருந்தார். ப்ரூவிட் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தார்.

“இந்த ஹாலுக்கு இன்னைக்குத்தான் மொத தடவையா வர்றேன். என் கண்ணு கலங்குது. இவங்கள நான் மொதல்ல பாத்தப்ப எப்படி இருந்தாங்க தெரியுமா? ஆரோக்கியமா இருந்தாங்க. நாலு பேரும் சிரிச்சாங்க. அப்படியே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னைக்குப் பாருங்க, ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிட்டு வந்திருக்கார். ஒருத்தர் நம்ம கூட இல்ல. ஒரு வருஷத்துல இதச் சாதிச்சிருக்கோம். ஒரு குடும்பம் உடைஞ்சா ஒரு பாட்டு பிழைக்குது. வாரியம் இல்லாம தானா நடக்கணும்னா இதுக்கெல்லாம் ஒரு தலைமுறை ஆகும்!”

கை தட்டினார்கள். அரசாங்கத்து ஆள் பேசினால் தட்டுவதுதானே வழக்கம். பிறகு அவர் ஒரு தாளை எடுத்தார்.

“விதிப்படி, கடைசி எட்டு மார்க்குக்கான துயரம் சபையில வாசிக்கப்படணும்.”

வாசித்தார். மெல்லிய குரலில், நிறுத்தி நிறுத்தி, மூட்டைகள் உட்பட ஒன்றையும் விடாமல் வாசித்தார். பின்வரிசையில் ஆர்வில் ஸ்டாங் மகனோடும் மருமகளோடும் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், திரும்பப் போட்டுக்கொண்டார், பிறகு எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ரோவீனா ஆர்விலைப் பார்க்கவில்லை, ப்ரூவிட்டையும் பார்க்கவில்லை. வெர்லனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இவர் இப்போது ஏதாவது சொல்வார், சொல்லி நிறுத்துவார் என்று காத்திருந்தாள். முப்பத்தி நான்கு வருடப் பழக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை.

“மிஸ்டர் கெட்சம், இது உண்மைதானே? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லணும். சம்பிரதாயம்” என்றார் ப்ரூவிட்.

ஹோய்ட் தரையைப் பார்த்தார். எமிலின் விதவை அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்றால் எமில் செத்தது எதற்கு? ஆமாம் என்றால் ரோவீனா? ஊர் காத்திருந்தது.

“ஆமா சார்” என்றார்.

ரோவீனா எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனாள். சர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். தபால்காரர் மன்னிப்புக் கேட்டுவிட்டு இரண்டு பாட்டிலையும் வீசினார். பிறகு பேண்ட் வாசித்தது.

அதன்பின் குளிர்பெட்டியில் எதுவும் இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் ரோவீனாவின் தங்கை எடுத்து, “அக்கா தூங்குறா” என்பாள், பகல் பதினொரு மணிக்கு. ஆர்வில் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். மூன்று வாரம் பார்த்துவிட்டு வெர்லன் சர்டிபிகேட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஆஸ்டினுக்குப் போனார்.

“இத வச்சுக்குங்க மேடம். எனக்கு வேணாம். அந்த வாக்குமூலத்தையும் பொய்யின்னு எழுதிக் குடுத்துடுறேன்.”

“அப்படித் திருப்பிக் குடுக்க முடியாது” என்றார் டெல்ஃபின் அம்மையார். அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான். இழுப்பறையைத் துழாவி ஒரு படிவத்தை எடுத்தார். “ஒரே ஒரு வழி இருக்கு. மகிழ்ச்சிப் பிரமாணம். ‘நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நம்பி, சந்தோஷமாக இருக்கிறோம்.’ நீங்களும் உங்க மனைவியும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா துயரம் ரத்தாகும். வாக்குமூலம் பொய்யின்னு பத்திரிகையிலயும் அறிவிப்போம்.”

வெர்லன் அங்கேயே தன் கையெழுத்தைப் போட்டார். நூற்றிருபது மைல், எங்கேயும் நிற்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். ரோவீனா தங்கை வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உள்ளேயும் போகவில்லை.

“இதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போடு ரோவீனா. எல்லாம் பழையபடி ஆயிடும். ஊருக்கே தெரியப்படுத்துறாங்களாம்.”

அவள் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாகப் படித்தாள்.

“முப்பத்தோரு வருஷம் வெர்லன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மேசையில உக்காந்திருந்தேன். நீ மேல வாசிக்கிற. வாசிக்கிறவன் பெண்டாட்டிய எவன் ஆடக் கூப்பிடுவான்? ஊரே ஆடுச்சு. நான் ஒரு ஆட்டம் ஆடுனதில்ல. அத ஒரு குறையாவும் நெனச்சதில்ல.”

“தெரியும்.”

“அன்னைக்கு அந்தாளு கேட்டப்ப, நீ இல்லன்னு சொல்லுவன்னு உக்காந்திருந்தேன் பாரு. அவன் வாசிச்சது ஒண்ணும் எனக்கு வலிக்கல.”

“தப்புதான். காலத்துக்கும் தப்புதான். எமில நெனச்சு… வாய் வரல. அத விடு. இப்பப் போட்டுடு. ஆர்விலுக்காகவாவது போடேன், பாவம் மனுஷன்.”

“ஆர்வில் வீட்டுக்கு நேத்தே போயிட்டு வந்துட்டேன். அவர் மருமக முன்னாடியே பேசிட்டு வந்தேன். அதுக்கு எனக்குக் காகிதம் வேணாம்.” அவள் படிவத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். “ஒருத்தரையொருத்தர் நம்பின்னு போட்டிருக்கு. சந்தோஷமான்னு போட்டிருக்கு.”

“சும்மா எழுதுறதுதானே ரோவீனா.”

“பொய்க்குக் கையெழுத்துப் போட நம்ம வீட்ல ஒரு ஆளு போதும்.”

படிவத்தை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். கை பழக்கத்தில் பையின் பொத்தானைப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் கையை இழுத்துக்கொண்டாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை வெர்லன் வாசித்தார். அன்றைக்குக் கூட்டம் நன்றாக ஆடியது.